நாற்பத்தொரு சோடிக் கைகள்

இறால் உரிக்கிற ஒருத்தியின் இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டச் சொல்லுங்கள். அவள் எத்தனை மாதமாக மேசையில் இருக்கிறாள், வலக்கைக்காரியா இடக்கைக்காரியா, நேற்று வீட்டில் தேங்காய் துருவினாளா மீன் வெட்டினாளா என்று சொல்லிவிடுவேன். முகம் பார்க்கத் தேவையில்லை. திருகோணமலையில் உள்துறைமுகப் பக்கம் இருக்கிற ஒரு இறால் கொம்பனியில் இருபத்திரண்டு வருடம் எனக்கு அதுதான் வேலை. காலையில் வருகிற பெண்களின் கைகளைப் பார்த்து, நல்ல கையை மேசைக்கும் காயப்பட்ட கையைப் பெட்டி அறைக்கும் அனுப்புவது. என்னை யோகமக்கா என்று கூப்பிடுவார்கள். கையைப் பார்த்து நான் சொன்ன சொல்லை மனேச்சரும் மாற்றியதில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எழுதுவது இறால் உரிப்பதைவிடக் கஷ்டம். இருந்தும் எழுதுகிறேன் என்றால், கொம்பனியில் புதிதாக வந்திருக்கிற தரம் பார்க்கிற மிஸ் என் வீட்டுக்கு வந்து கேட்டதால்தான். புதுப் பிள்ளைகளுக்கு அவர் வகுப்பு எடுத்தபோது ஒருத்தி எழும்பி, “மிஸ், எங்கட கையெல்லாம் கீறல். எச்.ஐ.வி. இருக்கிற ஒராள் பக்கத்தில இருந்து உரிச்சா எங்களுக்குத் தொத்துமோ?” என்று கேட்டாளாம். மிஸ் படித்ததைச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்கு நம்பிக்கை வரவில்லை. பின்வரிசையில் இருந்த பழைய ஆட்கள், “அதை யோகமக்காட்டக் கேளுங்கோ” என்று சொல்லிவிட்டார்களாம்.

“எழுதித் தாங்கோ அக்கா, நான் வகுப்பில வாசிச்சுக் காட்டுறன்” என்றார் மிஸ்.

“என்ர எழுத்தை வாசிக்க உங்களுக்கு ஒரு கிழமை வேணும் பிள்ளை.”

“லீவு போட்டுட்டு வாசிக்கிறன்.”

நல்ல வாய். அதனால்தான் எழுத ஒரு கொப்பி வாங்கினேன். பதில் கொப்பியின் நடுவில் வருகிறது. அவசரக்காரர்கள் அங்கே போகலாம். மற்றவர்கள் என்னோடு மெதுவாக வாருங்கள்.

இறால் உரிக்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு கிழமை பிடித்தது. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. தலையைக் கிள்ளு, கோதைக் கழற்று, முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை எடு, ஐஸ் தண்ணீரில் போடு. இறாலின் தலையில் ஒரு கொம்பு இருக்கிறது, ஊசிபோல. அது குத்தாத கை அந்தக் கொம்பனியில் கிடையாது. இரண்டு வருடம் உரித்தேன். பிறகு கை பார்க்கிற கதிரையில் என்னை இருத்தினார்கள்.

கை பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பது அல்ல. பெண்கள் முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். பிறகு குளோரின் கலந்த தண்ணீரில் கையை முக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு கரண்டித் தூள், அவ்வளவுதான். பிறகு வரிசையில் ஒவ்வொருத்தியாக என்னிடம் வருவாள். உள்ளங்கை மேலே. விரல்களை விரிக்க வேண்டும். விரல் இடுக்குகளைப் பார்ப்பேன். “மற்றப் பக்கம்” என்பேன். திருப்புவாள். நகத்தின் ஓரத்தை என் பெருவிரலால் ஒவ்வொன்றாக அமத்துவேன். நோகிற இடத்தில் கை சுண்டும். கண்ணுக்குத் தெரியாத காயம் அப்படித்தான் பிடிபடும். ஆகவே தொடாமல் கை பார்க்க ஏலாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காயம் இருந்தால் பெட்டி அறை. அங்கே காய்ந்த மட்டைப்பெட்டி மடிக்கிற வேலை. தகரக் கூரை, சூடு, பேச ஆள் இல்லை. மேசையிலோ குச்சவெளியிலிருந்து கிண்ணியா வரைக்கும் உள்ள கதை முழுவதும் ஓடும். ஆகையால் எல்லோரும் காயத்தை ஒளிப்பார்கள். மெழுகுதிரியை உருக்கிக் காயத்தின்மேல் விட்டுத் தடவிவிடுவார்கள், தோல்போலவே இருக்கும். நகத்தில் சாயம் பூசுவார்கள். கிண்ணியாவிலிருந்து வருகிற கதீஜா ஒருநாள் இரண்டு கையிலும் மணிக்கட்டு வரைக்கும் மருதோண்டி போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

“பெருநாளுக்கு இன்னும் நாலு மாதம் கிடக்கே, கதீஜா?”

“ஆசையா இருந்திச்சு அக்கா.”

“ஆசை எந்த விரலில?”

சுட்டுவிரலை நீட்டினாள். மருதோண்டிக்குக் கீழே ஒரு நீளக் கீறல். பெட்டி அறைக்குப் போனாள். இந்தச் சட்டம் எங்கள் கையைக் காப்பாற்ற வந்தது அல்ல, இறாலைக் காப்பாற்ற வந்தது. அது எனக்குத் தெரியும். ஆனால் சட்டம் சட்டம்தான்.

எங்களுக்கு மேலே இருந்த மனேச்சர் அருளப்பு சேர். யாழ்ப்பாணப் பக்கத்து மனிதர், ஒல்லியான ஆள். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. மேசை சரியாகத் துடைபடாவிட்டால், வெள்ளைக் கைலேஞ்சியை எடுத்து மேசையில் ஒரு இழுவை இழுத்து, அழுக்குப் பக்கம் மேலே தெரிய என் மடியில் வைத்துவிட்டுப் போவார். அதைவிட அவர் ஏசியிருக்கலாம்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. இறாலைத் தொடுகிற வேலை அவருக்கு இல்லை. ஆனாலும் ஒவ்வொரு காலையும் வரிசைக்கு முன்னால் வந்து, “முதல்ல என்ர கையைப் பாருங்கோ அக்கா” என்று நீட்டுவார். ஒருநாள் கடதாசி வெட்டிய கீறல் ஒன்று இருந்தது. “சேர், நீங்கள் உள்ள போக ஏலாது” என்றேன். “ஓம் அக்கா” என்றார். அன்று முழுவதும் மேசைக் கூடத்துக்குள் கால் வைக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று கையால் சாடை காட்டித்தான் வேலை வாங்கினார். அன்றைக்குத்தான் எனக்கு என் கதிரையின் மதிப்புத் தெரிந்தது.

இனி இரஞ்சிதத்தின் கதை.

குச்சவெளிப் பக்கத்திலிருந்து வந்தவள். புருஷன் வெளிநாட்டுக் கப்பலில் வேலை செய்து, நோயோடு வந்து, அடுத்த வருடம் செத்துப்போனான். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். எங்கள் நாற்பத்தொரு பேரில் அவள்தான் கெதியான கை. மற்றவர்கள் இறாலைத் தலைப்பக்கம் பிடிப்பார்கள். இவள் கொம்பைச் சின்ன விரலுக்குக் கீழே மடக்கி வைத்துக்கொண்டு வயிற்றுப் பக்கத்தால் பிடிப்பாள். கொம்பு குத்த இடமே இல்லை. அவளுடைய கையை நான் பார்ப்பதே ஒரு பேருக்குத்தான்.

ஒருநாள் கொம்பு செய்யாததை ஒரு தட்டுச் செய்தது. தகரத் தட்டின் விளிம்பு பிரிந்து அவளுடைய உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. இரத்தம் கொட்டியது. நான் ஓடிப்போய் என் வெறுங்கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு குழாயடிக்கு இழுத்துப் போனேன். என் பெருவிரல் நகத்தோரம் அன்றைக்குக் காலையில்தான் கிழிந்திருந்தது. அதை நான் அப்போது நினைக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் அவள் பெட்டி மடித்தாள். காயம் மூடி, உள்ளங்கையில் ரோசாப்பூ நிறத்தில் ஒரு கோடு மட்டும் மிஞ்சியது. மேசைக்கு வந்துவிட்டாள்.

அவள் திரும்பி வந்த கொஞ்ச நாளில் கதை பஸ்ஸில் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு குறிப்பிட்ட அறை, கிழமையில் ஒரு குறிப்பிட்ட நாள். அந்த அறை எதற்கென்று ஊருக்கே தெரியும். அந்த வாசலில் இரஞ்சிதம் நம்பர்த் துண்டோடு இருந்ததைப் பக்கத்து வளவுப் பெண் ஒருத்தி கண்டிருக்கிறாள். குச்சவெளி பஸ் ஏறிய கதை எங்கள் கொம்பனி வாசலில் இறங்கியது. எச்.ஐ.வி.யாம். புருஷன் அதிலேதான் போனவனாம்.

நான் அன்று வீட்டுக்குப் போய் என் பெருவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் ஒரு காரியம் செய்தேன். மேசையில் நாலு பேருக்கு ஒரு ஐஸ் தண்ணீர்ப் பேசின், அதில்தான் உரித்த இறாலைப் போடுவது. நான் களஞ்சிய அறையிலிருந்து ஒரு மஞ்சள் பேசினை எடுத்து மேசையின் கடைசியில் இரஞ்சிதத்துக்குத் தனியாக வைத்தேன்.

“எனக்கு மட்டும் ஏனக்கா?”

“காயம் ஆறின கைதானே. உனக்கு வசதியா இருக்கட்டும்.”

“அது ஆறி எத்தினை நாள்?” என்று கேட்டாள். நான் என் கதிரைக்குத் திரும்பி நடந்தேன். அவள் பேசினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு உரிக்கத் தொடங்கினாள்.

இரக்கத்தில் கொடுத்தேன் என்று எல்லோருக்கும் சொன்னேன். பயத்தில் கொடுத்தேன். அந்த மஞ்சள் பேசின் வரும் வரைக்கும் அது பஸ் கதை. நான் பேசினை வைத்தபிறகு அது உண்மையாகிவிட்டது. யோகமக்காவே ஒதுக்கிவிட்டா என்றால் இனி என்ன?

அதற்குப் பிறகு எட்டு நாள். பெண்கள் வீட்டிலிருந்து கைலேஞ்சியில் சுற்றித் தேங்காய்த் தும்பு கொண்டுவந்தார்கள். வேலை முடிந்ததும் தும்பால் கையை உரஞ்சு உரஞ்சென்று உரஞ்சுவார்கள். குளோரின் வாளியில் ஒரு கரண்டித் தூளுக்கு மூன்று கரண்டி போட்டார்கள். நான் கண்டேன். கண்டும் தடுக்கவில்லை, சிவந்து வருகிற கைகளையும் மேசைக்கு விட்டேன், ஏனென்றால் நானும் அதே தும்பால்தான் உரஞ்சினேன். இரஞ்சிதத்தின் கையை மட்டும் தொடாமல் தூரத்திலிருந்து பார்த்து, “சரி, போ” என்றேன்.

புதன்கிழமை பூமணி என்கிறவள் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு சேரின் அறை வாசலுக்குப் போனாள். பூமணி தம்பலகாமத்துக்காரி. நல்ல வேலைக்காரி, பிடிவாதக்காரி.

“ஒண்டில் அவ மேசையில, இல்லையெண்டா நாங்கள் மேசையில. எங்கட கை எல்லாம் குத்துக் காயம் சேர். பிள்ளை குட்டி இருக்கு.”

சேர் கேட்டுக்கொண்டார். “நாளைக்குக் காலமை சொல்லுறன்” என்றார். அவ்வளவுதான். இரஞ்சிதத்துக்கும் அது தெரியும். இந்த மேசை போனால் வேறு எந்தக் கொம்பனியும் அவளை எடுக்காது. பஸ் எல்லா வாசலுக்கும் போகிறதுதானே.

அன்று பின்னேரம் நான் அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரஞ்சிதத்துக்காகப் போனேன் என்று சொன்னால் அது பொய். எனக்காகப் போனேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அந்த அறை வாசலில் இருந்தேன். உள்ளே ஒரு இளம் பெண் டொக்டர். நான் கதையைத் தொடங்கியதும் கையை நீட்டி நிறுத்தினா.

“மற்ற ஆள் ஆரெண்டு நான் கேக்க மாட்டன். நீங்களும் சொல்ல வேண்டாம். உங்களுக்கு என்ன நடந்தது, அதைச் சொல்லுங்கோ.”

சொன்னேன். நகத்தோரம், இரத்தம், மூன்று கிழமை. பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவ சொன்னதை ஒரு சொல் தவறாமல் வைத்திருக்கிறேன். அவசரக்காரர்களே, பதில் இதுதான்.

“முழுத் தோலுக்குள்ளால அது போகாது. நேற்றுக் கீறி இண்டைக்குப் பொருக்கு வைச்ச இடத்துக்குள்ளாலயும் போகாது. புதுசாத் திறந்த காயத்தில மற்ற ஆளின்ர புது இரத்தம் பட்டால் சாத்தியம் இருக்கு. அது சின்னச் சாத்தியம். நகத்தோரக் கிழிசல், முள்ளுக் குத்து மாதிரி எண்டால் இன்னும் சின்னது. இல்லவே இல்லையெண்டு சொல்ல மாட்டன் அம்மா. மிச்சம் சின்னது எண்டு சொல்லுவன்.”

“ஒரே ஐஸ் தண்ணியில கை வைச்சா?”

“உடம்புக்கு வெளிய வந்து தண்ணியில கலந்தால் அது ஒருத்தருக்கும் தொத்தாது. இறாலாலயும் வராது. ஒரு கோப்பையில தேத்தண்ணி குடிச்சாலும் வராது. கையைப் பிடிச்சாலும் வராது.”

“அப்ப, இரத்தம் பட்டால் என்ன செய்யிறது?”

“ஓடுற தண்ணியில சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ. காயத்தைப் பிழியக் கூடாது. உரஞ்சக் கூடாது. எரியிற மருந்து ஊத்தக் கூடாது. கழுவிப்போட்டு உடன இஞ்ச வரவேணும். மூண்டு நாளைக்குள்ள வந்தால் அது தொத்தாமல் தடுக்கிறதுக்குக் குளிசை, மாத்திரை இருக்கு. எவ்வளவு கெதியா வாறீங்களோ அவ்வளவு நல்லது. நீங்கள் மூண்டு கிழமை பிந்தி வந்திருக்கிறீங்கள், குளிசைக்குக் காலம் போட்டுது. இப்ப ஒருக்கா இரத்தம் பாப்பம், மூண்டு மாதத்தால இன்னொருக்கா. கையைக் காட்டுங்கோ.”

காட்டினேன். அதுவரைக்கும் மற்றவர்களின் கையைத்தான் நான் பார்த்திருக்கிறேன். என் கையை ஒருத்தர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது அன்றுதான். விரல் முட்டியெல்லாம் வெடித்துச் சிவந்து, சில இடத்தில் நீர் கசிந்துகொண்டிருந்தது.

“இதை ஆர் செய்தது?”

“நான்தான். தும்பால. குளோரினால.”

“ஏன்?”

“அந்த எச்.ஐ.வி. வருத்தம் வராமல் இருக்க.”

டொக்டர் சிரிக்கவில்லை. “கடவுள் ஒரு கதவு பூட்டித் தந்திருக்கிறார் அம்மா. நீங்கள் உரஞ்சி உரஞ்சித் திறந்து வைச்சிருக்கிறீங்கள்” என்றா.

வியாழக்கிழமை காலை. லொறி வந்து இறால் ஐஸில் கிடந்தது. வழக்கம்போல சேர் முதலில் வந்து கையை நீட்டினார். சுத்தம். பிறகு வரிசை. முதல் கை சிவந்து வெடிப்பு. இரண்டாவது கை விரல் இடுக்கில் தோல் உரிந்து. மூன்றாவது, நாலாவது. ஒளிக்கவும் முடியாது. இவ்வளவுக்கு மெழுகுதிரி காணாது. நாற்பதாவது கையைப் பார்த்து முடித்துவிட்டு நான் எழும்பினேன்.

“சேர், இண்டைக்கு மேசைக்கு ஆளில்லை.”

சேர் வரிசையோடு நடந்து நீட்டியிருந்த கைகளைப் பார்த்தார். “என்ன நடந்தது?”

கதீஜாதான் வாய் திறந்தாள். “தேய்ச்சம் சேர். குளோரினும் கொஞ்சம் கூடப் போட்டம்.”

“எவ்வளவு கூட?”

“ஒரு கரண்டிக்கு மூணு.”

ஏன் என்று அவர் கேட்கவில்லை. எல்லோருடைய கண்ணும் போன இடத்தை அவரும் பார்த்தார். வரிசைக்குப் பின்னால் நாலு முழம் இடம் விட்டு இரஞ்சிதம் தனியாக நின்றாள்.

“யோகமக்கா, எல்லாக் கையும் பாத்தனீங்களோ?”

“ஒரு சோடி பாக்கேல்லை சேர்.”

“பாருங்கோ.”

இரஞ்சிதம் வந்தாள். எட்டு நாளுக்குப் பிறகு அவளுடைய கையைப் பிடித்தேன். உள்ளங்கை, விரல் இடுக்கு. “மற்றப் பக்கம்” என்றேன். நகம் நகமாக அமத்தினேன். ஒரு விரலும் சுண்டவில்லை. அந்த ரோசாக் கோடு மட்டும்தான், அதுவும் மூடிய தோல். அவள் தன்னைத்தானே தும்பால் உரஞ்ச என்ன தேவை? நாற்பத்தொரு சோடிக் கையில் மேசைக்குப் போகக்கூடிய கை அது ஒன்றுதான்.

“இது சரி சேர்” என்றேன்.

சேர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். “நேற்றுக் கேட்டதுக்குக் காலமை மறுமொழி சொல்லுறன் எண்டனான். நல்ல கை மேசைக்கு, காயப்பட்ட கை பெட்டி அறைக்கு. அதுதான் சட்டம், அதுதான் மறுமொழி.”

பூமணி விடவில்லை. “இரத்தத்துக்குள்ள இருக்கிறது கையில தெரியுமோ சேர்?”

அதற்கு இரஞ்சிதமே திரும்பினாள். அவ்வளவு நாளும் வாய் திறக்காதவள்.

“இருக்குதுதான் பூமணியக்கா. குளிசை குடிக்கிறன். ரெண்டு பிள்ளையளுக்கும் சமைச்சு வைச்சுட்டுத்தான் வாறன். இனி ஏதும் கேக்கிறதெண்டால் என்னட்டக் கேளுங்கோ. பஸ்ஸிட்டக் கேக்காதேங்கோ.”

அப்போது நான் என் கதையைச் சொன்னேன். நேற்று அந்த அறைக்குப் போனதையும், எனக்காகப் போனதையும், இரத்தம் கொடுத்ததையும், டொக்டர் சொன்னதையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கதவைத் திறந்து வைத்திருக்கிறோம் என்று அவ சொன்ன இடம் வந்தபோது, பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தங்கள் கையைக் குனிந்து பார்த்தார்கள்.

சேர் மேசைக் கடைசிக்குப் போய் மஞ்சள் பேசினைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இது எங்கயிருந்து வந்தது?”

“நான் வைச்சனான் சேர்.”

“ஏன்?”

கூடி நிற்கிறவர்கள் எல்லோரும் என் சொல்லால் பெட்டி அறைக்குப் போனவர்கள். அவர்களுக்கு முன்னால் சொல்ல வேண்டியிருந்தது. “பயத்தில சேர்.”

“பயத்துக்கு ஒரு பேசின் காணாது அக்கா. எல்லாருக்கும் ஒவ்வொண்டு வாங்க வேண்டி வரும்” என்றார். பேசினை என் மடியில் வைத்தார், கைலேஞ்சி வைக்கிறதுபோல. பிறகு, “உங்கட கையை ஆர் பாக்கிறது?” என்று கேட்டார்.

நான் இரஞ்சிதத்தைப் பார்த்தேன். கதிரையிலிருந்து எழும்பினேன். “நீ இரு” என்றேன். அவள் சேரைப் பார்த்தாள். சேர் தலையாட்டினார். இருந்தாள்.

இரண்டு கையையும் அவளுக்கு முன்னால் நீட்டினேன். பிடித்தாள். அவளுடைய விரல் ஐஸ்போலக் குளிர்ந்திருந்தது. வெடித்த முட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவசரப்படவில்லை.

“மற்றப் பக்கம், அக்கா.”

திருப்பினேன். பெருவிரல் நகத்தோரத்தை அமத்தினாள். கை சுண்டியது.

“நீங்கள் மேசைக்குப் போக ஏலாது. பெட்டி அறை” என்றாள்.

கதீஜா கெக்கட்டம் விட்டுச் சிரித்துவிட்டாள். “அல்லாவே! யோகமக்காவையே பெட்டி அறைக்கு அனுப்பிட்டாள்! என்ர கையையும் பாருடி, நானும் போறன். இண்டைக்கு அங்கதான் கதை.” கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். இரஞ்சிதம் அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, பெட்டி அறை என்றாள். அதற்குப் பின்னால் இன்னொருத்தி. பிறகு இன்னொருத்தி. சிலர் விரல் நுனியை மட்டும் கொடுத்தார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தார்கள். இரஞ்சிதம் எல்லோருடைய கையையும் ஒரே மாதிரித்தான் பிடித்தாள்.

பூமணி நீட்டவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு, உடுப்பை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று பெட்டி அறையில் என்னோடு நாற்பது பேர், சந்தைபோலச் சத்தம். கதீஜா கண்ணாடிப் பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து செய்தி சொன்னாள். மேசையில் இரண்டு பேராம். ஒரு பக்கம் இரஞ்சிதம், எதிர்ப்பக்கம் சேர். “அவர் இறாலை உரிக்கல்ல அக்கா. இறால்தான் அவர உரிக்குது.” கொஞ்ச நேரத்தில் சேரே வாசலில் வந்து நின்றார். பெருவிரலில் பிளாஸ்டர். கொம்பு குத்திவிட்டதாம். “எனக்கும் பெட்டி அறைதானாம்” என்று சொல்லிவிட்டு, ஒரு மட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினார். அதுவும் கோணல்தான்.

கைகள் ஆற ஐந்தாறு நாள் பிடித்தது. தேங்காயெண்ணெய் பூசிப் பூசி ஆற்றினோம். குளோரின் கரண்டியைச் சங்கிலி போட்டு வாளியோடு கட்டினார்கள். பெட்டி அறைக்கு யன்னல் வைத்து ஒரு காற்றாடியும் பூட்டினார்கள். அதற்குப் பிறகு காயத்தை ஒளிக்கிறவர்கள் குறைந்தார்கள். “அக்கா, குத்திப்போட்டுது” என்று தாங்களே வந்து காட்டுவார்கள். சவர்க்காரம், ஓடுகிற தண்ணீர், பிளாஸ்டர், பெட்டி அறை. மஞ்சள் பேசினில் சவர்க்காரத்தையும் பிளாஸ்டரையும் போட்டு என் கதிரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். மூன்று மாதத்தால் என்னுடைய இரண்டாவது முடிவும் வந்தது. ஒன்றும் இல்லை என்று துண்டில் இருந்தது. டொக்டர் வாசித்துச் சொன்னா. நான் வாங்கி நானும் ஒருக்கா எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

பூமணி ஐந்தாம் நாள் திரும்பி வந்தாள். என்னிடம் கையைக் காட்டினாள். இரஞ்சிதம் இருக்கிற மேசையில் இருக்கமாட்டாள். பல வருடம் அப்படியே கழிந்தது. நானும் வற்புறுத்தவில்லை. கையைத்தான் பார்க்கலாம், உள்ளே இருக்கிறதை நான் பார்க்க ஏலாது.

இந்தக் கொப்பியை எழுதி முடித்ததும் இரஞ்சிதத்திடம் கொண்டுபோய் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பெயரை வேறாகப் போட்டிருக்கிறேன் என்றேன். “பேரை மாத்தினா ஆளைத் தெரியாதோ அக்கா?” என்று சிரித்தாள். “எழுதுங்கோ. தெரிஞ்சபடியால்தான் நான் இண்டைக்கு அந்தக் கதிரையில இருக்கிறன்.”

ஓம், அந்தக் கதிரையில் இப்போது அவள்தான் இருக்கிறாள். நான் ஓய்வு பெறுகிறபோது, எனக்குப் பிறகு யார் என்று கேட்டார்கள். யோசிக்காமல் அவளைச் சொன்னேன். அருளப்பு சேர் அதற்கு முன்னமே ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இருந்திருந்தால் முதல் கை அவருடையதாக இருந்திருக்கும்.

அவள் பொறுப்பெடுத்த முதல் நாள் காலையில் நானும் போய் ஒரு ஓரத்தில் நின்றேன். வரிசை வந்தது. எல்லாக் கைகளும் போய் முடிந்து, கடைசியில் பூமணி மட்டும் மிச்சம். கைகளை ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். ஓய்வுக்கு அவளுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. மேசைக்குப் போகிற மணி அடித்தது. இரஞ்சிதம் கூப்பிடவும் இல்லை, வேறு பக்கம் பார்க்கவும் இல்லை. தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு இருந்தாள்.

பூமணி வந்து நீட்டினாள்.

இரஞ்சிதம் பிடித்தாள். உள்ளங்கை, விரல் இடுக்கு. இடது பெருவிரலில் வந்து நின்றாள். நகத்தால் மெதுவாகச் சுரண்டினாள். வெள்ளையாக ஒரு பொருக்குக் கழன்று விழுந்தது. கீழே அன்றைக்குக் காலையில் பட்ட புதுக் கீறல்.

“என்ன பூமணியக்கா, இன்னும் மெழுகுதிரியோ?”

பூமணியின் வாயோரம் கோணியது. “பழைய பழக்கம்.”

“சவர்க்காரம் மஞ்சள் பேசினில கிடக்கு. பிறகு பெட்டி அறை” என்றாள் இரஞ்சிதம். கையை விடவில்லை. “மற்றப் பக்கம்.”

பூமணி திருப்பினாள்.